பற்றரி செத்தாலும் கதவு திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். 1989ஆம் ஆண்டு, பதினாறு வயதில், ஹட்டனிலிருந்து ரயிலேறி வந்து மருதானையில் இறங்கினேன். ஒரு சிங்களப் பாஸிடம் எடுபிடியாகச் சேர்ந்து, இந்தத் தெருவிலேயே தொழில் பழகி, இந்தத் தெருவிலேயே சொந்தமாகக் கராஜ் போட்டேன். உங்கள் பத்திரிகையைக் காலைத் தேநீரோடு ஐந்தாறு பேர் தாள் தாளாகப் பிரித்துப் படிக்கிறோம். இதுவரை ஆசிரியருக்கு நான் கடிதம் எழுதியதில்லை. கடந்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு குழந்தைக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். என்னிடம் வழக்கமாக வரும் ஒரு குடும்பத்தின் மருமகள் தொலைபேசியில் அழைத்தார். மாமனாரின் மின்சாரக் காரில் சந்தைக்கு வந்திருக்கிறார். சாமான் வாங்கித் திரும்பியதும் இரண்டு வயதுப் பிள்ளையைப் பின் ஆசனத்தில் இருத்திப் பட்டியைப் போட்டுவிட்டுக் கதவை மூடியிருக்கிறார். சுற்றி வந்து சாரதிப் பக்கக் கதவில் கை வைத்தால் பிடிக்க ஒன்றுமில்லை. அந்தக் காரின் கைபிடிகள் கதவுத் தகட்டுக்குள் ஒளிந்து கிடப்பவை. சாவியோடு கிட்ட வந்தால் மோட்டார் அவற்றை வெளியே தள்ள வேண்டும். நான்கு கதவிலும் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"அண்ணை, சாவி என் கையில் இருக்கிறது. கதவு திறக்கவில்லை. பிள்ளை உள்ளே" என்றார். அவருடைய குரலுக்குப் பின்னால், மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து பிள்ளை அழுவது மெல்லியதாகக் கேட்டது.

"தங்கச்சி, எனக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைக்குத் தூரமாக இருக்கும் கண்ணாடியை உடையுங்கள். நடுவில் அடிக்காமல் மூலையில் அடிக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். அந்த நேரத்துக் காலி வீதியில் நான் போய்ச் சேர முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. அந்த முப்பத்தைந்து நிமிடமும் அந்தப் பிள்ளை உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வெயிலில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல வேளை, தெருவோரத்து மரக்கறிக்காரர் ஒருவர் தராசுத் தட்டிலிருந்த இரண்டு கிலோ இரும்புப் படியை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். முதல் இரண்டு அடி கண்ணாடியின் நடுவில் விழுந்து படி திரும்பித் துள்ளியிருக்கிறது. மூன்றாவது அடி மூலையில். கண்ணாடி கல்லுப்பாய்ப் பொரிந்து கொட்டியிருக்கிறது. நான் போனபோது பிள்ளை ஒரு கடை நிழலில் தாயின் மடியில் இருந்தது. முடி வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. யாரோ செவ்விளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள். தாயின் கை நடுக்கம் நிற்கவில்லை. அந்த மரக்கறிக்காரர் இரும்புப் படியைக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

காரின் முன் பம்பரில், இழுவைக் கொக்கி பூட்டும் இடத்து மூடிக்குப் பின்னால் இரண்டு வயர்கள் உண்டு. அவற்றில் வெளி மின்சாரம் கொடுத்து முன் மூடியைத் திறந்து சின்னப் பற்றரியில் மீற்றரை வைத்தேன். 12 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் 7.4 காட்டியது. என் கையிலிருந்த பற்றரியைக் கொளுவிய அடுத்த கணம், முன்பே பழுதாகிக் கிடந்த இடது பின் கைபிடியைத் தவிர, மற்ற மூன்று கைபிடிகளும் வரிசையாக வெளியே வந்தன. திரையும் ஒளிர்ந்தது. பெரிய பற்றரியில் 68 வீதம் மின்சாரம் இருப்பதாக அது காட்டியது.

இதைத்தான் மின்சாரக் கார் வைத்திருக்கும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். "நேற்றிரவுதானே முழுக்கச் சார்ஜ் செய்தோம்" என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டார். காரை ஓட்டுவது தரைக்கு அடியில் கிடக்கும் பெரிய பற்றரி. கதவு, கைபிடி, பூட்டு, விளக்கு, திரை எல்லாவற்றையும் இயக்குவது சாதாரணக் காரில் இருப்பது போன்ற ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி. பெரிய பற்றரியை வண்டியோடு இணைக்கும் பெரிய சுவிட்ச்சுகளுக்கும் இந்தச் சின்னதன் மின்சாரம்தான் வேண்டும். சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. நம்முடைய வெக்கையில் ஈயப் பற்றரி மூன்று நான்கு ஆண்டு உழைப்பதே அரிது. அந்தக் காரில் இருந்தது, காரோடு வந்த பற்றரி. 2018ஆம் ஆண்டுக் கார்.

இது ஒரு காரில், ஒரு நாளில் நடந்த தவறு என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2025 செப்டெம்பரில் டெஸ்லா மொடல் வை கார்கள் பற்றி ஒரு விசாரணையைத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டுத் தயாரிப்பில் ஏறத்தாழ 174,000 கார்கள் அதற்குள் அடங்கின. வந்த முறைப்பாடுகள் ஒன்பது. பிள்ளையைப் பின்னால் இருத்திவிட்டு, அல்லது இறக்க வந்து, கதவைத் திறக்க முடியாமல் நின்ற பெற்றோர்தான் அங்கும் முறையிட்டவர்கள். நான்கு பேர் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். அங்கும் சந்தேகம் விழுந்தது இதே சின்னப் பற்றரியின் வலுக்குறைவில்தான். அந்தச் செய்தியை வாசித்த நாளில் அது வேறொரு நாட்டுக் கதையாகவே எனக்குப் பட்டது. வெள்ளவத்தைக்குப் போய் வந்த பிறகு மீண்டும் தேடி எடுத்து வாசித்தேன்.

பற்றரியை மாற்றினால் முடிந்தது என்று சிலர் சொல்லக்கூடும். முடியாது. கைபிடியே தேய்கிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் என் மேசை இழுப்பறையில் உடைந்த பற்சக்கரங்கள் மட்டும் பதினொன்று கிடக்கின்றன.

மோட்டாரால் இயங்கும் கைபிடி ஒன்றைக் கழற்றினால் உள்ளே ஒரு உலோகச் சட்டம், சுண்டுவிரல் அளவு மோட்டார், அதைத் தொட்டு ஒரு பற்சக்கரம், கைபிடியை வெளியே தள்ளும் ஒரு நெம்பு, நகத்தளவு மைக்ரோ சுவிட்ச்சுகள் இரண்டு மூன்று. இவற்றுக்கு நூல் போன்ற வயர்கள் போகின்றன. கைபிடி வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் வயர் ஒரே இடத்தில் மடிகிறது. நாளுக்குப் பத்துத் தடவை கதவு திறந்தால் எட்டு ஆண்டில் 29,200 தடவை. வெளியே பார்த்தால் வயருக்கு ஒரு குறையும் இராது. மேலுறை முழுதாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மட்டும் உயிரில்லாமல் தொய்ந்து மடியும். அந்த இடத்தில் உறையைக் கீறினால் உள்ளே செம்பிழைகள் அறுந்து கிடக்கும். பற்சக்கரம் வார்ப்பு உலோகம். உடைந்த பல்லை உள்ளங்கையில் கொட்டினால் அரிசிக் குறுணி போல இருக்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிக் கார்கள் என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடற்காற்று. மைக்ரோ சுவிட்ச்சின் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தூரிகையால் தட்டினால் தூளாக உதிரும். மரைன் டிரைவை ஒட்டிய ஒழுங்கைகளில் நிற்கும் எந்த வாகனத்துக்கும் துரு பிடிக்கும், அது புதிதல்ல. ஆனால் பழைய காரின் கைபிடிக்குத் துரு பிடித்தால் அது இறுகும், கிரீச்சிடும், முன்கூட்டியே நமக்குச் சொல்லும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் ஐந்து ஆண்டு ஓடும். இது அப்படியில்லை. நேற்று வந்தது, இன்று வராது.

என் வாடிக்கையாளர் ஒருவர் 1980களின் நிசான் சன்னிக் கார் ஒன்றை இன்றும் ஓட்டுகிறார். அதன் கதவில் ஒரு கம்பி, ஒரு ஸ்பிரிங், ஒரு கிளிப், அவ்வளவுதான். நாற்பது ஆண்டாகத் திறக்கிறது. இதைப் பழமைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நான் மின்சாரக் காருக்கு எதிரி அல்ல. 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசைகளில் நின்றவர்களில் நானும் ஒருவன். எண்ணெய் இல்லாமல் ஓடும் வண்டியின் அருமை எனக்குத் தெரியும். பத்து ஆண்டு கடந்த நிசான் லீஃப் கார்கள் என் கராஜுக்கு வருகின்றன. சிலவற்றில் பெரிய பற்றரி பாதிக்கு இறங்கிவிட்டது, ஆனால் கதவு வந்த நாளில் போலவே திறக்கிறது, ஏனென்றால் அதன் கைபிடி சாதாரண இழுவைக் கைபிடி. மின்சாரக் காருக்கு ஒளியும் கைபிடி தேவையே இல்லை என்பதற்கு நம் தெருக்களில் ஓடும் அந்தக் கார்களே போதும்.

காற்று தடையின்றி வழுக்கிப் போவதற்காகத்தான் கைபிடியை உள்ளே இழுக்கிறார்கள் என்று விற்பவர்கள் விளக்குகிறார்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. மணிக்கு 100 கிலோமீற்றரில் இருக்கும் தடையில் 20 கிலோமீற்றரில் இருப்பது இருபத்தைந்தில் ஒரு பங்குதான். தெற்கு அதிவேக வீதியில் கிடைக்கும் சிறு மிச்சத்துக்காக, நாள் முழுக்க பொரளைச் சந்தியிலும் காலி வீதியிலும் நின்று நின்று ஊரும் காரில் இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டுமா?

நம் நாட்டுக்கு இதில் தனியான ஒரு கவலை இருக்கிறது. நாம் காரை எறிவதில்லை. பணக்கார நாடுகளில் எட்டு, பத்து ஆண்டு ஓடிவிட்டு மாற்றும் காரை நாம் இருபது, முப்பது ஆண்டு வைத்திருந்து, பிள்ளைக்குக் கொடுத்து, பிறகு வேறொருவருக்கு விற்கிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து ஆண்டும் இருந்ததை வைத்தே ஓட்டினோம். இப்போது புதிதாக வந்து இறங்குபவற்றில் ஒளியும் கைபிடி உள்ள மின்சாரக் கார்கள் நிறைய. உத்தரவாதக் காலத்துக்கென்று செய்த கைபிடி, உத்தரவாதம் முடிந்து பதினைந்து ஆண்டுக்குப் பிறகும் இங்கே ஓடிக்கொண்டிருக்கப் போகிறது. மூன்றாவது, நான்காவது கைக்கு மாறிய பிறகு பின் ஆசனத்தில் யாருடைய பிள்ளை இருக்கும் என்று இன்று சொல்ல முடியாது.

சீனா இதைப் பார்த்து முடிவெடுத்துவிட்டது. 2025 ஒக்டோபரில் செங்டு நகரில் ஷியோமி எஸ்யூ7 கார் ஒன்று மோதித் தீப்பிடித்தபோது, ஓடிவந்தவர்கள் கதவைத் திறக்க முடியாமல் கண்ணாடியை அடித்த காட்சியை உலகம் பார்த்தது. 2027 ஜனவரி 1 முதல் அங்கே விற்கப்படும் கார்களின் கதவு, மின்சாரம் இல்லாவிட்டாலும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கையால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது புதிய விதி. வெளிக் கைபிடியில் விரல்கள் நுழைய 6 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் அகலம், 2.5 சென்ரிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும் என்று அளவுகூட வகுத்திருக்கிறார்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற மொடல்களுக்கு 2029 வரை அவகாசம் உண்டு. டெஸ்லாவின் வடிவமைப்புத் தலைவரும் கைப்பிடியின் மின்சார இயக்கத்தையும் கை இயக்கத்தையும் ஒன்றாக்கும் புதிய வடிவத்தில் வேலை செய்வதாக 2025இல் சொன்னார். செய்தவர்களே திரும்பி வருகிறார்கள். தயாரித்த நாட்டில் விற்க முடியாததாகப் போகும் கைபிடி நம் துறைமுகத்தில் தடையில்லாமல் இறங்கும் நிலை வரக் கூடாது என்பதுதான் என் பயம்.

எனவே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தையும், இறக்குமதி விதிகளை எழுதுகிறவர்களையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். பதிவுக்கு வரும் எந்தக் காரிலும் நான்கு கதவும் பற்றரி இல்லாமல் வெளியிலிருந்து கையால் திறக்க வேண்டும் என்ற ஒரு வரியை விதியில் சேருங்கள். பரிசோதிக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. 12 வோல்ற் பற்றரியின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு ஒருவரைக் கதவைத் திறக்கச் சொன்னால் போதும். ஒரு நிமிட வேலை. இன்று வருடாந்தப் புகைப் பரிசோதனையில் புகையைப் பார்க்கிறோம். கதவு திறக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே வந்துவிட்ட கார்களுக்கு இறக்குமதியாளர்கள் பொறுப்பெடுக்க வேண்டும். உள்ளே அவசரத்துக்கு இழுக்கும் பிடி பல கார்களில் இருக்கிறது. ஆனால் எங்கே? முன் கதவில் ஒரு மாதிரி, பின் கதவில் வேறு மாதிரி. சிலவற்றில் கதவுப் பையின் அடியில் உள்ள விரிப்பைத் தூக்கி, ஒரு சிறு மூடியைக் கிளப்பி, உள்ளே கிடக்கும் கேபிளைத் தேடி இழுக்க வேண்டும். சில கார்களின் பின் கதவில் அப்படி ஒன்றே இல்லை. அதைச் சொல்லும் கையேடு திரைக்குள் இருக்கிறது. பற்றரி செத்தால் திரையும் செத்துவிடும். ஜப்பானிலிருந்து பாவித்த காராக வந்ததென்றால் கையேடு ஜப்பானிய மொழியில். இந்த இழுப்பு எங்கே இருக்கிறது என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு ஸ்டிக்கர் கதவின் உட்புறத்தில் ஒட்ட என்ன செலவாகிவிடும்?

உதிரிப்பாகம் பற்றியும் ஒன்று. அந்த வெள்ளவத்தைக் காரின் இடது பின் கைபிடி அதற்கு முன்பே ஒருமுறை பழுதானது. விற்ற இடத்தில் கேட்டபோது, பற்சக்கரம் தனியாகத் தர முடியாது, கைபிடி முழுவதையும் மாற்ற வேண்டும், 165,000 ரூபாய், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். காருக்குச் சொந்தக்காரரான அந்தப் பெரியவர் ஓய்வூதியக்காரர். ஒரு பக்கக் கதவு தானே என்று விட்டுவிட்டார். ஒரு கதவு, பிறகு இரண்டு கதவு என்று திறக்காமல் ஓடும் கார்கள் கொழும்பில் இருப்பதற்குக் காரணம் இந்த விலைதான். தேயும் பகுதியைத் தனியாக விற்க மறுப்பதை நுகர்வோர் அதிகார சபை கேட்க வேண்டும். இப்படி அனுபவப்பட்டவர்கள் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டைப் பதியுங்கள். பதியாத முறைப்பாட்டுக்குக் கோப்பு கிடையாது.

விதி வரும்வரை இந்தக் கார்களை வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தை. 12 வோல்ற் பற்றரி மூன்று ஆண்டு கடந்துவிட்டால் நன்றாக இருந்தாலும் சோதியுங்கள். ஒரு கைபிடி மெதுவாக வரத் தொடங்கினால், பாதியில் நின்றால், அன்றே காட்டுங்கள். பற்றரியில் கை வைக்கும் முன் ஒரு கண்ணாடியை இறக்கிவிடு என்று என் பாஸ் முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லித் தந்தார்; அதையே நீங்களும் செய்யலாம். பிள்ளையைப் பின்னால் இருத்தும் முன் சாரதிக் கதவைத் திறந்து வையுங்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியல் வாங்கினால், அது காருக்குள் இருந்தால் வெளியே நிற்கும் உங்களுக்கு உதவாது. ஒன்று கைப்பையில் இருக்கட்டும். சில கார்களில் பக்கக் கண்ணாடியும் இரண்டடுக்கு, சுத்தியலுக்கு நொறுங்காது. எந்த வகை என்று கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருக்கும். கொழும்பில் தீயணைப்புப் பிரிவின் இலக்கம் 110. மழைக்காலத்தில் வெள்ளத்துக்குள் இந்தக் கார்களை விடவே வேண்டாம். 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் வடிந்த பிறகு வெல்லம்பிட்டிப் பக்கமிருந்து என்னிடம் வந்த மின்சாரக் கார்களில் இரண்டின் கைபிடிகள் கல்லாக உறைந்திருந்தன. அவற்றுக்குள் அப்போது ஆள் இருக்கவில்லை.

வெள்ளவத்தைப் பெரியவர் மறுவாரம் காரோடு வந்தார். புதுப் பற்றரி போட்டேன். இடது பின் கைபிடிக்கு வேறொரு உடைந்த கைபிடியிலிருந்து பற்சக்கரம் எடுத்துப் பூட்டினேன். "தம்பி, இதையெல்லாம் எடுத்தெறிந்துவிட்டுச் சாதாரணக் கைபிடி ஒன்று போட்டுத் தர முடியாதா? எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் இந்தத் தெருவில் இருக்கிறேன், இல்லாததைச் செய்து பழகியவர்கள் நாங்கள். இரண்டு நாள் கதவைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்தப் பூட்டில் வெளியிலிருந்து ஒரு கம்பியைக் கொளுவ இடமே விடவில்லை. முடியாது ஐயா என்று சொல்லித்தான் காரைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்படிப்பட்ட கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பஞ்சிகாவத்தைக்கு வந்தால், உள்ளே இருக்கும் அவசர இழுப்பு எங்கே என்று தேடி, இழுத்துப் பழக்கிக் காட்டுகிறேன். அதற்குப் பணம் வாங்க மாட்டேன். வீட்டில் காரை ஓட்டாதவர்களையும், முக்கியமாகப் பிள்ளைகளையும், கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
வாகன வயரிங் தொழிலாளி ஒருவர்,
பஞ்சிகாவத்தை, கொழும்பு 10.